லைஃப் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டவன்

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். மாமாதான் அனுப்புவார். நடுவில் ஒரு போர்க்கப்பல் படம், ஓரத்தில் எரியும் மெழுகுவர்த்தி, கீழே தேசியக்கொடி. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு ஐ.என்.எஸ். குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பல் அரபிக்கடலில் மூழ்கியபோது, அதன் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் அமர்ந்தபடியே கப்பலோடு கடலுக்குள் போனார் என்பதுதான் அந்தச் செய்தி. வந்த ஐந்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக விழும். நானும் பல வருடங்கள் போட்டிருக்கிறேன்.

போன டிசம்பரில் அது வந்தபோது நான் ராசாவில் பாட்டி வீட்டில் இருந்தேன். பாட்டிக்கு எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கண் பார்வை மங்கல். ஆனால் கைத்தொலைபேசி சத்தம் போட்டால் என்ன வந்திருக்கிறது என்று கேட்காமல் விடாது. வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது:

“அந்தச் சட்டைய வாங்கிக்கிட்டானே, அவன் என்னா ஆனான்?”

திரும்ப வாசித்தேன். செய்தியில் அவனுக்குப் பெயர் இல்லை. ‘ஒரு மாலுமி’, அவ்வளவுதான். ஜாக்கெட்டை வாங்கிக்கொண்ட அடுத்த வரியிலேயே அவன் கதையை விட்டுப் போய்விடுகிறான். அதற்கப்புறம் கேப்டனும் நாற்காலியும் கடலும் மட்டும்தான்.

வீரக்கதைகளை நாம் எப்படிச் சொல்லுகிறோம், எதைக் காட்டுகிறோம், எதை மறைக்கிறோம் என்று யோசிக்க வைத்தது பாட்டியின் அந்த ஒரு கேள்விதான். இந்தக் கட்டுரை அதற்கு நான் தேடிய பதில்.

*

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். குக்ரி, 1950களில் பிரிட்டனில் கட்டப்பட்ட சிறிய நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல். அதே வகையைச் சேர்ந்த மூன்று கப்பல்கள் கொண்ட அணிக்கு முல்லா தலைவர். ஒன்று இயந்திரக் கோளாறினால் பம்பாயிலேயே தங்கிவிட்டது. குக்ரியும் கிர்பானும் மட்டும் டையூ கடற்பகுதியில் இருந்த ஒரு நீர்மூழ்கியைத் தேடிப் போயின. அங்கே இருந்தது பாகிஸ்தானின் ஹங்கோர். பிரான்சில் கட்டப்பட்ட புதிய கப்பல். வேட்டையாடப் போனவர்களைவிட அதன் காது கூர்மையானது. அது முதலில் விட்ட டார்பிடோ கிர்பானுக்கு அடியில் வெடிக்காமல் போய்விட்டது. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் இல்லை. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். 67 பேர் பிழைத்தார்கள்.

பொறியியல் படித்தவன் என்பதால் இதில் ஒரு விவரம் என்னை விடவே இல்லை. குக்ரியின் சோனார் இன்னும் தொலைவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு சோதனைக் கருவி அதில் பொருத்தப்பட்டிருந்தது. அந்தச் சோதனைக்காகக் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது என்பது கடற்படை வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. சோனார் ஒரு காது. ஓடுகிறவனுக்குத் தன் மூச்சிரைப்புதான் பெரிதாகக் கேட்கும். மற்ற சத்தம் காதில் விழ வேண்டுமென்றால் நடையைக் குறைக்க வேண்டும். ஆனால் பகை நீர்மூழ்கி இருக்கும் கடலில் நடையைக் குறைத்தால், குறி வைக்கிறவனுக்கு வேலை சுலபம். கேட்க வேண்டுமா, தப்ப வேண்டுமா என்ற சங்கடத்தில் கப்பல் மாட்டிக்கொண்டது.

இந்த 194 பேரும் ஏன் இறந்தார்கள் என்று கேட்டால், பதிலில் இதெல்லாம் வர வேண்டும். பழைய கப்பல், குறைந்த தொலைவு கேட்கும் சோனார், மூன்று போக வேண்டிய இடத்துக்கு இரண்டு போனது, மெதுவான வேகம். எங்கள் குடும்பக் குழுவுக்கு வரும் செய்தியில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. நாற்காலி மட்டும் இருக்கிறது.

*

முல்லாவைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. பிழைத்து வந்தவர்கள் சொன்ன கதைகள் எல்லாமே ஒன்றுபோல இல்லை என்றாலும், பெரும்பாலும் நிலைத்திருப்பது இதுதான்: அவர் தன் ஆட்களை வெளியேறச் சொன்னார், தயங்கியவர்களைக் கடலுக்குள் தள்ளிவிட்டார், ஜாக்கெட்டைக் கொடுத்தார், தான் வெளியேறவில்லை. அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. டையூவில் கடலைப் பார்த்தபடி ஒரு நினைவிடம் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறிய மாதிரி.

ஆனால் ஒரு வாசகனாக இந்தக் கதையைப் பிரித்துப் பார்த்தால், இதில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஆட்களைத் தள்ளிவிட்டதும் ஜாக்கெட்டைக் கொடுத்ததும் ஒன்று. நாற்காலியில் அமர்ந்தது இன்னொன்று. முதல் செயலால் யாரோ ஒருவர் உயிரோடு வீட்டுக்குப் போனார். இரண்டாவதால் யாரும் பிழைக்கவில்லை. அது ஒரு மனிதர் தன் பொறுப்புக்கும் தன் மனசாட்சிக்கும் சொன்ன பதில். அதற்கு ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் பெயர் காப்பாற்றுதல் இல்லை.

நாம் இரண்டையும் ஒன்றாக்கி ‘தியாகம்’ என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். அதிலும் நம் மனதில் படமாகத் தங்குவது இரண்டாவதுதான். ஒரு மனிதன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், தண்ணீர் ஏறுகிறது. ஓவியமாக வரையலாம், சினிமாவாக எடுக்கலாம். பதற்றத்தில் வார் முடிச்சை அவிழ்த்து, பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பவனின் தோளில் ஜாக்கெட்டை மாட்டிவிடும் கைகள் அவ்வளவு அழகாக வராது.

சினிமா என்றதும் 2017-இல் வந்த ‘காஸி’ ஞாபகத்துக்கு வருகிறது. தமிழிலும் வந்தது. அதே 1971 போர், ஆனால் வேறு கப்பல். பாகிஸ்தானின் பி.என்.எஸ். காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடுகளும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. படம் அந்த இடைவெளியில் ஓர் இந்திய நீர்மூழ்கியைக் கற்பனையாக நுழைத்து, அதன் தலைவர் தன் அதிகாரியைக் காப்பாற்றிவிட்டு இறப்பதாகக் காட்டுகிறது. அதன்பின் வெற்றி, தேசிய கீதம், நாம் எழுந்து நிற்கிறோம்.

என் கேள்வி இதுதான். அதே போரில், ஐந்து நாள் தள்ளி, நிஜமாகவே ஒரு கப்பல் தலைவர் தன் ஆட்களைக் காப்பாற்ற முயன்று இறந்திருக்கிறார். அதை விட்டுவிட்டு எதற்குக் கற்பனையாக ஒரு தலைவரைச் சாகடிக்க வேண்டும்? பதில் சுலபம். குக்ரி தோற்ற கப்பல். தியாகம் வெற்றிக்கு விலையாக இருந்தால்தான் திரையரங்கில் கைதட்டல் வாங்கும். தோல்விக்கு நடுவில் நடக்கும் தியாகம், பார்க்கிறவனை “இது ஏன் நடந்தது?” என்று கேட்க வைத்துவிடும். படத்தில் வரும் மரணத்தில் அந்த ஆபத்து இல்லை. தேசிய கீதம் எல்லாக் கேள்விக்கும் மேல் ஒலித்துவிடுகிறது.

*

இதற்கு நேர் எதிரான ஒரு கப்பல் தலைவரின் கதை நம் கடலிலேயே இருக்கிறது. குக்ரி மூழ்குவதற்கு முப்பது வருடங்களுக்கு ஒரு நாள் குறைவாக, 1941 டிசம்பர் 10-ஆம் தேதி, குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ். இறந்தவர்கள் 840 பேர். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கேப்டன் லீச்சும், அணித்தலைவர் அட்மிரல் ஃபிலிப்ஸும் கப்பலோடு போனார்கள். ரிபல்ஸின் கேப்டன் டென்னன்ட் பிழைத்தார்.

டென்னன்ட் செய்தது என்ன? கப்பல் இனி நிமிராது என்று தெரிந்ததும், தாமதிக்காமல் கீழ்த்தளங்களில் இருந்த எல்லாரையும் மேலே வரச் சொல்லிவிட்டார். சில நிமிடங்கள்தான் கிடைத்தன. அந்தச் சில நிமிடங்களால் சுமார் எண்ணூறு பேர் உயிரோடு தண்ணீரில் இறங்க முடிந்தது. பிறகு அவரும் நீரிலிருந்து மீட்கப்பட்டார். 1944-இல் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, மிதக்கும் செயற்கைத் துறைமுகங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் வேலை அவர் பொறுப்பில்தான் நடந்தது.

அவரைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் மெழுகுவர்த்தி படம் அனுப்பியதில்லை. அவர் செத்துப் போகவில்லையே. சரியான நேரத்தில் கொடுத்த ஓர் உத்தரவு எண்ணூறு பேரைக் காப்பாற்றியது என்பதில் நமக்குக் கதை தெரிவதில்லை. மரணம் வந்து முத்திரை குத்தினால்தான் ஒரு செயல் நம் கண்ணுக்கு வீரமாகத் தெரிகிறது. இது நம் ரசனையின் கோளாறு என்றே நினைக்கிறேன்.

*

அப்படியென்றால் இறந்தவர்களின் வீரத்தை எப்படித்தான் எழுதுவது? எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவிலிருந்து. டெடி ஷீன், டாஸ்மேனியாக்காரர், பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை, கடைநிலை மாலுமி. 1942 டிசம்பர் 1-ஆம் தேதி திமோர் கடலில் ஆர்மிடேல் என்ற கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. கப்பலைக் கைவிடச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாரும் தண்ணீரில் இறங்கினார்கள். விமானங்கள் தாழ்ந்து வந்து தண்ணீரில் மிதப்பவர்களைச் சுடத் தொடங்கின. ஒரு மிதவையை அவிழ்த்துவிட உதவிக்கொண்டிருந்த ஷீனுக்கு மார்பிலும் முதுகிலும் காயம். அவர் கடலில் குதித்திருக்கலாம். திரும்பிப் போய், பின்தளத்துத் துப்பாக்கியில் தன்னை வாரால் கட்டிக்கொண்டு விமானங்களைச் சுட்டார். ஒரு விமானம் விழுந்தது. கப்பல் மூழ்க மூழ்கச் சுட்டுக்கொண்டே இருந்தார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

இங்கே இரண்டு செயல்கள் இல்லை. ஒன்றுதான். அந்தத் துப்பாக்கி சுடும் வரைக்கும் விமானங்கள் விலகிப் போகும், விலகிப் போகும் வரைக்கும் தண்ணீரில் இருப்பவன் மூச்சு விடலாம். அவர் சாவுக்காக உட்காரவில்லை. வேலை செய்துகொண்டிருந்தார். சாவு அந்த வேலைக்கு நடுவில் வந்தது.

அந்தப் பையனுக்கு அப்போது கிடைத்தது அறிக்கையில் ஒரு சிறிய பாராட்டுக் குறிப்பு. உயரிய விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது 2020-இல், 78 வருடம் கழித்து. நடுவில் பலமுறை மறுக்கப்பட்டது. அத்தனை வருடமும் அந்தக் கோரிக்கையைச் சாகவிடாமல் வைத்திருந்தது எது? உயிர் பிழைத்தவர்களின் சாட்சியமும் குடும்பத்தாரின் விடாப்பிடியும்தான். அதாவது, ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டவர்கள் பேசினார்கள். அவர்கள் பேசியதால்தான் ஒரு கடைநிலை மாலுமியின் பெயர் இன்று ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு இருக்கிறது.

ஆனால் இந்தக் கதையிலும் ஓர் இருட்டு மூலை உண்டு. ஆர்மிடேலில் இறந்தவர்கள் 100 பேர். அதில் ஆஸ்திரேலியக் கடற்படையினர் 40 பேர். மீதி 60 பேர், டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியப் படையைச் சேர்ந்தவர்கள். திமோரில் இறங்குவதற்காகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள், பெரும்பாலும் இந்தோனேசியத் தீவுகளின் ஆட்கள். இறந்தவர்களில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். கதையில் அவர்கள் வெறும் எண்ணாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்குள்ளும் யாராவது யாருக்காவது மிதவையை விட்டுக்கொடுத்திருப்பார்கள். அதைச் சொல்ல ஆள் இல்லை, சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

*

இந்த இரண்டு வகைச் செயலையும் பிரித்துப் பார்க்க நமக்கு வெளியிலிருந்து கோட்பாடு எதுவும் வேண்டாம். தமிழிலேயே இருக்கிறது. ஊர் மாடுகளை ஓட்டிப் போனவர்களைத் துரத்திப் போய், மீட்டு, அந்தச் சண்டையில் இறந்தவனுக்கு நடுகல் வைத்தார்கள். கரந்தை என்று திணை வகுத்தார்கள். இன்னொரு பக்கம், அரசனின் வெற்றிக்காகக் கொற்றவை முன்னால் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்தவனுக்கும் சிலை வைத்தார்கள். நவகண்டம் என்கிறோம். அவிப்பலி என்று இலக்கணத்திலேயே ஒரு துறை உண்டு.

இரண்டும் உயிர் கொடுத்தல்தான். ஆனால் ஒன்றில் மாடு வீடு திரும்புகிறது. இன்னொன்றில் அரசன் மகிழ்கிறான்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்தது. அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாயையும் அதே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஆயிரத்து நானூறு வருடம் ஆகப்போகிறது, அந்த நாயின் பெயர் நமக்குத் தெரியும். யார் பெரியவன் என்று பார்க்கவில்லை, யார் நின்றது என்று பார்த்திருக்கிறார்கள். குக்ரியின் செய்தியை ஒரு கரந்தைப் புலவனிடம் கொடுத்திருந்தால் அவன் நாற்காலியில் தொடங்கியிருக்க மாட்டான். ஜாக்கெட்டில் தொடங்கியிருப்பான். வாங்கிக்கொண்டவன் எந்த ஊர்க்காரன் என்றும் கேட்டிருப்பான்.

*

‘தியாகம்’ என்ற சொல்லின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது புத்தகத்தினால் இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் தொழிற்பயிற்சி செய்தேன். ஒரு நாள் மதியம் கம்ப்ரஸர் அறையில் அம்மோனியா கசிந்தது. உள்ளே ஒரு நேப்பாளத் தொழிலாளி மயங்கி விழுந்துவிட்டான். சுவாசக் கருவி இருக்கும் அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த டெக்னீஷியன் ஒருவர், துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். வால்வை மூடினார். அவனை இழுத்துக்கொண்டு வந்து போட்டார். பிறகு அவரும் விழுந்தார். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார்.

வருடாந்திர விருந்தில் அவருக்கு ஒரு சான்றிதழும் ஹேம்பரும் கொடுத்தார்கள். மேடையில் பேசியவர் ‘பெங்கோர்பானான்’ என்ற சொல்லை நாலு தடவை சொன்னார். தியாகம். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினோம். சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த மேடையில், அந்தக் கைதட்டலுக்கு நடுவில், சாவியைப் பற்றிக் கேட்பது அண்ணனையே அவமானப்படுத்துவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. என் பயிற்சி அறிக்கையிலும் நான் சாவியைப் பற்றி எழுதவில்லை. அண்ணன் மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்து, இன்னும் தேறாத குரலில் என்னிடம் சொன்னார்: “கபினெட்டு இன்னும் பூட்டித்தான் கெடக்கு தம்பி.”

தியாகம் என்ற சொல் செய்யும் வேலை எனக்கு அன்றைக்குப் புரிந்தது. கொடுத்தவனை மேடையில் ஏற்றிவிட்டால், எடுத்துக்கொண்டவனைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இதே சொல்லைத்தான் நம் மலேசியத் தமிழ் மேடைகளிலும் நூல் முன்னுரைகளிலும் சயாம் மரண ரயிலைப் பற்றிப் பேசும்போது தாராளமாக இறைக்கிறோம். ‘நம் முன்னோர்களின் தியாகம்.’ 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்கள் எதையும் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. தியாகம் என்று சொல்ல வேண்டுமென்றால், செய்யாமல் இருக்கவும் அவனுக்கு வழி இருந்திருக்க வேண்டும். ஷீனுக்குக் கடல் இருந்தது. அண்ணனுக்கு வெளி வாசல் இருந்தது. கொட்டகையில் கிடந்தவனுக்கு என்ன இருந்தது? அவனைத் தியாகி ஆக்கினால் ஜப்பானியனுக்கும், அவனைக் கூட்டிக்கொண்டு வந்து தோட்டத்தில் போட்டுவிட்டுச் சண்டை வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரனுக்கும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் நம் நாவலாசிரியர்கள் மேடைப் பேச்சாளர்களைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயி’லையும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்ன’த்தையும் வாசித்தவர்களுக்குத் தெரியும். அங்கே மனிதர்கள் பிடிக்கப்படுகிறார்கள், அடிக்கப்படுகிறார்கள், நோயில் விழுகிறார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் வெட்டிய கற்கள் வரிசையாக நிற்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. கல் இல்லாதவர்களுக்கு எழுத்தாளன் நாவலைக் கல்லாக நடுகிறான். இளம் வாசகர்கள் இந்த நாவல்களை வடிவக் குறைகளுக்காக ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒதுக்கியிருக்கிறேன். குறைகள் உண்டு. ஆனால் ‘தியாகம்’ என்ற சுலபமான வழியில் அவை போகவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

*

கட்டுரையை இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சயாமுக்குப் போனவர்கள் தியாகிகள் அல்ல, பலியானவர்கள். வாதம் சரியாகத்தான் வந்திருந்தது. ஆனால் அன்றைக்குப் பாட்டி பேச்சை அதோடு நிறுத்தவில்லை.

ராசா இன்றைக்குச் சிரம்பானோடு சேர்ந்துவிட்ட ஊர். வீடமைப்புத் திட்டங்களும் கடைவரிசைகளும்தான் தெரியும். பாட்டி பிறந்தபோது சுற்றிலும் ரப்பர் மரம். பாட்டிக்கு ஐந்து வயது இருக்கும்போது லயத்துக்கு இத்தனை பேர் என்று ஆள் கேட்டு வந்தார்கள். மண்டோர் பட்டியல் போட்டார். அதில் பாட்டியின் அப்பா பெயர் இருந்தது. மூன்று பிள்ளைகள், பாட்டியின் அம்மாவுக்கு நிறைமாசம்.

“பெரட்டுல நிக்க வச்சி பேரக் கூப்புட்டானுங்க. அப்பா பேரக் கூப்புட்டப்ப சித்தப்பா கையத் தூக்கிட்டாரு. அவருக்குக் கல்யாணம் ஆவல. ஏறிப் போயிட்டாரு.”

அவர் திரும்பி வரவில்லை. எந்த நாள் இறந்தார் என்று தெரியாது. அதனால் திதி கிடையாது. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் பாட்டியின் அப்பா, பால் டின்னில் கறுப்புக் கோப்பி கலந்து வாசலில் வைப்பாராம். சித்தப்பா அதில்தான் குடிப்பாராம். சண்டை முடிந்து, தோட்டத்தில் பழையபடி பெரட்டு எடுக்கத் தொடங்கிய பிறகு, தன் பெயரைக் கூப்பிட்டால் பாட்டியின் அப்பா உடனே பதில் சொல்ல மாட்டாராம். இரண்டாவது தடவை கூப்பிட வேண்டுமாம். காது மந்தம் என்று மண்டோர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

“மந்தம்லாம் இல்ல,” என்றது பாட்டி. “அந்தப் பேரு போயிருச்சில்ல.”

யோசித்துப் பாருங்கள். சயாமில் எங்காவது ஒரு பட்டியல் இருந்து, நாளைக்கே அது கிடைத்து, ஒரு கல்லில் எல்லாப் பெயரையும் வெட்டினாலும், அதில் இருக்கப்போவது பாட்டியின் அப்பா பெயர். கையைத் தூக்கியவரின் பெயர் எந்தக் கல்லிலும் வராது.

பலி, தியாகம் என்று நான் இரண்டாகப் பிரித்து வைத்தது இங்கே ஒட்டவில்லை. லாரியில் ஏற்றிய எல்லாரும் பிடிக்கப்பட்டவர்கள்தான். அதற்கு நடுவில், கை தூக்காமல் இருக்க வழி இருந்த ஒருவர் தூக்கியிருக்கிறார். ‘நம் முன்னோர்களின் தியாகம்’ என்று எல்லார் மேலும் அந்தச் சொல்லை ஊற்றும்போது, முதலில் மூழ்கிப் போவது அந்த ஒரு கைதான். சொல்லைச் சிக்கனமாக வைத்திருந்தால்தான் அவருக்குக் கொடுக்க நம்மிடம் ஏதாவது மிஞ்சும்.

பாட்டி ஒரு தடவைகூட தியாகம் என்று சொல்லவில்லை. “போயிட்டாரு”, அவ்வளவுதான். நான்தான் கேட்டேன், அப்பா அதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாரா என்று.

“என்னாத்த பேசுவாரு? வாங்கிக்கிட்டவரு அவரு.”

அதற்குப் பிறகு மாமாவின் செய்திக்கு நான் கும்பிடும் கைகளைப் போடவில்லை. பாட்டியின் கேள்வியை அப்படியே தட்டி அனுப்பினேன். “அந்தச் சட்டைய வாங்கிக்கிட்டவன் என்னா ஆனான்?” மாமா பார்த்துவிட்டார், நீல நிறக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அவரும் அந்தப் பெயரின் பேரன்தான். பிறகு ஒரு நாள் ராசாவுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே பாட்டியிடம் கேட்டார்: “சித்தப்பா பேரு என்னாம்மா?”

பாட்டி சொன்னது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.